நட்டது யார்?

ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்வது பரிதியின் வேலை. கல்யாணமான புதிதில் மலர்க்கொடிதான் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருநாள் விரால் ஒன்று அவள் கையிலிருந்து நழுவிப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுவரைக்கும் துள்ளிப்போய்விட்டது. அன்றோடு அரிவாள்மணை கைமாறியது. பரிதி ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியில் ஆய்வக உதவியாளன். "மாட்டையே அறுத்துப் பாக்குறவருக்கு விரால் என்ன பெரிய காரியமா" என்று அவள் சொன்னதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கும் அவன் கொல்லைப்புறக் கல்லில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு விராலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மலர்க்கொடி அடுக்களை வாசற்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"என்னாச்சு?"

"இங்க வந்து பாருங்களேன்."

பரிதி கையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். திரை முழுக்க ஒரே ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கரைபோட்ட துண்டு. ஏதோ விழாவில் பரிசு வாங்கும்போது எடுத்த படம். ஓரத்தில் யாருடையதோ ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலால் தள்ளத் தள்ள அதே முகமும் அதே கையும் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"எலெக்‌ஷன் வருதா?" என்றான் பரிதி.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அடங்கிவிட்டது.

மலர்க்கொடி என்ன வேலை பார்க்கிறாள் என்பதைத் தெற்குத் தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் அப்பா தங்கையன், நிலக்காரரான ஐயா வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். மகள் எம்.சி.ஏ. படித்து, சென்னையில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டி, கொரோனாவில் ஊருக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். கம்பெனி சென்னையில், வேலை வீட்டில். அவள் செய்து கொடுத்த பக்கங்களில் எங்கோ ஒரு நாட்டில் ஆட்கள் ஓட்டல் அறை பிடிக்கிறார்கள், இன்னொரு நாட்டில் செருப்பு வாங்குகிறார்கள்.

அண்ணி அமிர்தத்துக்கு மட்டும் அவள் ஒருமுறை விளக்கிச் சொன்னாள். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த நேரம் அது.

"மாவு ஒரு இடத்துல இருக்கு அண்ணி. பேரு, ஊரு, படம், எல்லாம் வெறும் மாவா கிடக்கும். உருவம் கிடையாது. இந்த அச்சு இருக்குல்ல, அத நான் செய்றேன். ஒருதடவ செஞ்சுட்டாப் போதும். எந்த மாவ வச்சு அமுக்கினாலும் அதே உருவத்துல வந்து விழும். முதல் பக்கத்துல விழும், கடைசிப் பக்கத்துல விழும், போன்ல விழும். எல்லாத்துக்கும் ஒரே அச்சு."

அமிர்தம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மாவு புளிச்சிருந்தா?"

"முறுக்கும் புளிக்கும்."

"அப்ப உன் வேலைல யாரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாதுங்கிற. நல்ல வேலைதான் புடிச்சிருக்க."

அந்த அச்சு ஒன்றைத்தான் மலர்க்கொடி இப்போது தன் ஊருக்காகச் செய்துகொண்டிருந்தாள். சுற்று வட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்தும் 'கதிர்க்கட்டு' என்கிற உற்பத்தியாளர் கம்பெனி தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் பொட்டலம் போட்டு வெளியூருக்கு அனுப்பியது. பொட்டலத்தின் மேல் ஒரு கட்டம் இருக்கும். வாங்குகிறவர் அதைப் போனில் படம் பிடித்தால் ஓர் அட்டை திறக்க வேண்டும்: இந்த அரிசியை விளைவித்தவர் இன்னார், ஊர் இது, ரகம் இது, நட்ட மாதம் இது, இதோ அவர் முகம். கம்பெனியின் மேலாளர் பூர்ணிமா விவரங்களை சி.எம்.எஸ். என்கிற கிடங்கில் ஏற்றுவாள். மலர்க்கொடியின் அச்சு அதை எடுத்து அட்டையாக்கும். அட்டை ஒன்றுதான், பொட்டலத்துக்கும் இணையதளத்துக்கும் கூட்டத்தில் காட்டும் திரைக்கும் அதேதான்.

முதலில் அவள் தன் அச்சைத்தான் சந்தேகப்பட்டாள். ஒரே ஆளின் விவரத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறதோ என்று பார்த்தாள். இல்லை. அட்டைக்கு அட்டை வயலும் ரகமும் மாறின. பெயரும் படமும் மட்டும் மாறவில்லை. குஞ்சிதபாதம், குஞ்சிதபாதம், குஞ்சிதபாதம். கதிர்க்கட்டின் தலைவர், தெருவுக்கு ஐயா. தெற்குத் தெருக்காரர்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற வயல்களில் பாதி அவருடையவை. அமிர்தம் அண்ணி செய்வதும் அவர் வயல்தான்.

பூர்ணிமாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் ஒவ்வொருத்தரா உக்கார வச்சுத்தான்க்கா கேட்டேன். விவசாயி பேருன்னு போட்டிருந்தீங்கல்ல? யாரு வயலுன்னு கேட்டேன். ஐயா வயல்னாங்க. எல்லாருமே. அமிர்தம் அக்காவும் அதையேதான் சொன்னாங்க."

மலர்க்கொடி போனை வைத்தாள். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். கேள்வியை எழுதியவளோ இந்த ஊரிலேயே பிறந்தவள். இங்கே வயலைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு, அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா? யார் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் வயல் ஐயா வயல். சின்ன வயதில் களத்தில் பார்த்திருக்கிறாள்: தூற்றிக் குவித்த நெல்லின் மேல், ஆள் யாரும் கை வைக்காதிருக்க, சாணிப்பாலைத் தொட்டு மர அச்சால் குறி போடுவார்கள். குவியலுக்குக் குவியல் அதே குறி. அறுத்தவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அவளே உட்கார்ந்து, நல்ல சம்பளம் வாங்கக் கற்றுக்கொண்ட வித்தையால், அதே குறியைத் திரையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"மீன் ஆஞ்சாச்சு," என்றான் பரிதி. "குழம்பா, வறுவலா?"

"செத்த இருங்க."

'விவசாயி பெயர்' என்றிருந்த இடத்தை அழித்தாள். அங்கே 'நட்டது யார்?' என்று போட்டாள். அச்சுக்குள்ளும் ஒரு விதி எழுதினாள்: அந்த இடம் காலியாக இருந்தால் அட்டை வராது. பிறகு பூர்ணிமாவை மறுபடி கூப்பிட்டு, "எல்லாரையும் இன்னொருதடவ கேட்டுரும்மா. இங்க என்ன போட்டிருக்கோ அதையே கேளு. வேற வார்த்த சேர்க்காத" என்றாள்.

அடுத்த வாரம் பூர்ணிமா சிரித்துக்கொண்டே போன் செய்தாள். "நட்டது யாருன்னு கேட்டா எல்லாரும் கோச்சுக்கிறாங்கக்கா. ஒருத்தர், 'நான் நடாம ஒங்க தாத்தாவா வந்து நட்டாரு'ங்கிறாரு."

அட்டைகள் மாறின. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். வேம்பு ஒன்றில், அதே தெருவில் இருக்கும் கயல்விழியின் மாமனார் ஒன்றில், சைக்கிள் கடை வைத்துக்கொண்டே நாலு மா நிலம் நடுகிறவர் ஒன்றில். அமிர்தத்தின் படத்தில் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, படம் எடுக்கிறவளை எதற்கோ திட்டப்போகிறவள்போல் நின்றாள்.

குஞ்சிதபாதத்தின் முகம் ஒன்றில்கூட இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கார் தெற்குத் தெருவுக்குள் வந்தது.

பரிதி கெண்டை ஆய்ந்துகொண்டிருந்தான். கையைக் கழுவி எழுந்து வருவதற்குள் அவர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் இந்த வீட்டுக்குள் வருவது இதுதான் முதல்தடவை. அதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மலர்க்கொடி காபி கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர்தான். வாங்கி ரசித்துக் குடித்தார். இதெல்லாம் மாறித்தான் இருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணிருக்கம்மா. எம்பையன் சிங்கப்பூர்லேர்ந்து பாத்துட்டு அசந்துட்டான்."

"சந்தோஷம் சார்."

தெருவில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். அவள் சார் என்றாள். அவர் ஒரு நொடி காபியை உறிஞ்சாமல் இருந்து, பிறகு உறிஞ்சினார்.

"ஒரே ஒரு விஷயந்தான். பட்டா எம் பேர்ல. சாகுபடிக் கணக்கு, அந்த அடங்கலும் எம் பேர்ல. வாய்வார்த்தையா நம்பிக்கைல வயலைக் குடுத்திருக்கோம். இப்ப நீ உலகம் பூரா பாக்குற மாதிரி, இன்ன வயல்ல நட்டது இன்னாருன்னு படத்தோட போட்டுட்ட. நாளைக்கு எவனாவது இதை எடுத்துக்கிட்டுப் போயி, நாந்தான் சாகுபடிதாரன்னு கோர்ட்டுல நிப்பான். அமிர்தம் நிக்காது, எனக்குத் தெரியும். எல்லாரும் அமிர்தமா?"

"என்ன செய்யணுங்கிறீங்க சார்?"

"குத்தகை வயலுக்கு மட்டும் தனி அட்டை. மேல நிலத்துக்காரர் பேரு, படம். கீழ சின்னதா, உதவின்னு போட்டு அவுங்க பேரு. இல்லாட்டி பேரே வேணாம். ஒரு கண்டிஷன் போட்டாப் போதுமாமே, பூர்ணிமாகிட்ட கேட்டேன்."

"போதும் சார். ஒரே வரிதான்."

"அப்புறம் என்ன?"

"அந்த வரிய நான் எழுத மாட்டேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. "எல்லாருக்கும் ஒரே அட்டைதான் சார். நட்டவங்களுக்கு ஒண்ணு, நடவச்சவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு அச்சு செய்றதுக்கு நான் இதுல உக்காரல."

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டம்ளரைக் கவனமாகத் தரையில் வைத்தார்.

"உங்கப்பன் இருந்தா இப்படிப் பேச விட்டிருக்க மாட்டான்."

"விட்டிருக்க மாட்டாரு சார். அதுனாலதான் நான் பேசுறேன்."

"சரி. அண்ணிகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்க. சம்பாவுக்கு அது இன்னும் நாத்து விடல பாரு. மிஷின் நடவுக்கு மொத்தமா குடுங்கன்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாந்தான் தட்டிக்கிட்டு இருக்கேன்." எழுந்தார். "செவ்வாய்க்கிழமை கூட்டம். அதுக்குள்ள மாத்திடு."

கார் போன பிறகு பரிதி டம்ளரை எடுத்துக் கழுவினான். நெடுநேரம் கழுவினான்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"நல்லாத்தான் பேசுன. ஆனா மலரு, வயலு உன்னுதா?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"போனா உங்க அண்ணிக்குல்ல போவும். நீ சென்னைக்காரன்கிட்ட வேல பாக்குற. நான் கவருமெண்டு சம்பளம் வாங்குறேன். நாம ரெண்டு பேரும் வீரமா இருக்குறதுக்கு ஒரு செலவும் இல்ல."

இப்படி ஒரு புருஷனைக் கட்டிக்கொண்டால் மனசார ஒரு சண்டைகூடப் போட முடியாது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வயல் பக்கம் நடந்தாள்.

அமிர்தம் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஊறப்போட்டிருந்த விதைநெல் மூட்டையைக் கரையேற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த மூட்டை, இரட்டைக் கனம்.

"நின்னு பாக்காத. அந்த முனையப் புடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மூட்டை கரைக்கு வந்தபோது மலர்க்கொடியின் சுடிதார் முழங்கால்வரை சேறு. அமிர்தம் வைக்கோலை விரித்து, மூட்டையை அதில் கிடத்தி, மேலேயும் வைக்கோலைப் போட்டுக் கல் ஏற்றினாள். வெப்பம் ஏறி முளை கட்ட வேண்டும். கட்டியதும் தெளித்துவிட வேண்டும். அதற்குமேல் அது யாருக்காகவும் காத்திருக்காது. பக்கத்தில் நாற்றங்கால் சமன்செய்து கண்ணாடிபோல் தண்ணீர் கட்டிக் கிடந்தது.

மலர்க்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின் நடவையும் சொன்னாள்.

அமிர்தம் கேட்டு முடித்ததும் முதலில் அவளைத்தான் பிடித்துக்கொண்டாள். "எம்பேர போடுறதுக்கு முன்னால எங்கிட்ட கேட்டியா?"

"பூர்ணிமா உங்ககிட்ட..."

"நட்டது யாருன்னு கேட்டுச்சு. நாந்தான்னேன். அத ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டப்போறேன்னு கேட்டுச்சா? நீ வந்து சொன்னியா? போட நீ கேக்கல. எடுக்க அவரு கேக்கல. ரெண்டு பேரும் ஒண்ணுதான், போங்க."

ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது மலர்க்கொடிக்கு. அண்ணி சொல்வதில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"தப்புதான் அண்ணி. நீங்க எடுன்னு சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன். உங்களோடத மட்டும்."

"காட்டு."

"என்னத்த?"

"அந்த அட்டைய. ஊரே பாக்குதுங்கிற, நான் பாக்கக் கூடாதா?"

மலர்க்கொடி போனில் திறந்து காட்டினாள். அமிர்தம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தாள்.

"இது யாரு, மாட்ட அவுத்து விட்டவன வெரட்டப் போறவ மாதிரி?"

"நீங்கதான்."

"அது தெரியுது. இந்தப் படத்த மாத்த முடியுமா?"

"முடியும். ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும்."

"பேரும் அப்படித்தானா?"

"ஆமா. ஒரு இடத்துல எடுத்தா எல்லா இடத்துலயும் போயிடும்."

அமிர்தம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புயல் மழைல கதிரு பூரா முழுகிச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணிக்குள்ளயே முளைச்சுப்போச்சு. கணக்கெடுக்க வந்தாங்க. இதே வரப்புல நின்னு, யாரு வயலும்மான்னாங்க. ஐயா வயலுன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நிவாரணம் ஐயா வீட்டுக்கே போச்சு. அவரக் குத்தம் சொல்லல. என் வாயால நாந்தான் சொன்னேன். பழக்கம்." ஒரு மண்கட்டியை எடுத்து நாற்றங்காலுக்குள் எறிந்தாள். "அந்தப் புள்ள வந்து நட்டது யாருன்னு கேட்டப்ப எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல பாரு."

"வயல எடுத்துட்டாருன்னா அண்ணி?"

"எடுத்துருவாருங்கிறியா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. பயமாத்தான் இருக்கு. ரெண்டு சம்பா தரிசா கிடந்த வயலு இது. நான் வந்துதான் கோரைய எடுத்தேன். ஆளு கிடைக்காம அவரு அலைஞ்சது எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பயமாத்தான் இருக்கு." எழுந்து, வைக்கோலின் மேல் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்தாள். "உங்க அண்ணன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. மஸ்கட்டுல லாரி ஓட்டிக்கிட்டே அது பயப்படும். அதுக்கும் சேத்து நான் பயந்துக்குறேன்."

"அப்ப என்ன செய்யட்டும்?"

"படத்த மாத்து. நல்ல புடவ கட்டிக்கிட்டு வர்றேன்."

"பேரு?"

"படந்தான மாத்தச் சொன்னேன்?"

செவ்வாய்க்கிழமைவரை மலர்க்கொடி அந்த அச்சைத் தொடவில்லை. செருப்புக் கம்பெனியின் வேலையைச் செய்தாள். நடுவில் எழுந்து எழுந்து கதிர்க்கட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அந்த ஒரு வரியை வேறு யாராவது எழுதிவிட்டிருப்பார்களோ என்கிற பயம். எழுதவில்லை. அமிர்தத்தின் புதுப் படம் மட்டும் வந்திருந்தது. அரக்குப் பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கூட்டம் அரிசிக் கிடங்கை ஒட்டிய அலுவலக அறையில் நடந்தது. தவிட்டு வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறுப்பினர்கள். சுவரில் பெரிய திரை. பூர்ணிமாவின் கணினியிலிருந்து அட்டைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. தன் முகம் வந்ததும் வேம்பு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ள, பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். அமிர்தத்தின் அட்டை வந்தபோது ஒரு குரல், "பொண்ணு பாக்க வர்றாங்களா அமிர்தம்?" என்றது. "வந்தா உனக்குக் காபி கிடையாது" என்றாள் அமிர்தம், திரும்பாமலே.

குஞ்சிதபாதமும் சிரித்தார். பிறகு கேட்டார்: "எல்லாரும் வர்றாங்க. தலைவரோட அட்டை எங்கம்மா?"

பூர்ணிமா மலர்க்கொடியைப் பார்த்தாள்.

"நட்டது யாருங்கிற இடம் காலியா இருந்தா அட்டை வராது சார்," என்றாள் மலர்க்கொடி. "எல்லாருக்கும் அதே விதிதான்."

அமிர்தம் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள்.

"ஐயா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால ஒரு மா சும்மாத்தான கிடக்கு. நட்டுருங்க. நாத்து நான் தர்றேன்."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. குஞ்சிதபாதம் முதலில் கூடச் சிரிக்கப் பார்த்தார். பாதியில் அது நின்றுவிட்டது.

"விளையாட்டு போதும். மலர், ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து சொன்னேன். மாத்தலையா?"

"மாத்தல சார்."

"வேற ஆள வச்சு மாத்திக்கலாம், தெரியும்ல?"

"தெரியும். அரைமணி நேர வேல. தஞ்சாவூர்லயே நெறைய பேர் இருக்காங்க. ஆனா எழுதுறவங்ககிட்ட நீங்களே சொல்லணும் சார், நட்டது யாருன்னு கேட்டு, பதிலும் வாங்கிட்டு, அதுக்கப்பறம் மறைக்கணும்னு. நான் சொல்ல மாட்டேன்."

அவர் அவளை விட்டுவிட்டார். நாற்காலியைச் சற்றே திருப்பி அமிர்தத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அவர் குரல் தாழ்ந்தால் அறையில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வது வழக்கம்.

"அமிர்தம். இத்தன பேர் முன்னால கேக்குறேன். வர்ற போகத்துக்கு உனக்கு வயல் வேணுமா, பேர் வேணுமா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மடியில் இருந்த அண்ணியின் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் நாற்றங்கால் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு கை இன்னொரு கையின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பிறகு சுரண்டுவது நின்றது.

அமிர்தம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மலரு, முளை நல்லா கட்டிருச்சு. வெயில் உச்சிக்கு ஏறுறதுக்கு முன்னால தெளிச்சாகணும். நான் போறேன். நீ பின்னால வா," என்றாள்.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா அமிர்தம்?"

முன்வரிசையில் இருந்த வேம்பு காலை மடக்கி வழிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் மடக்கினார். அமிர்தம் அவர்களுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்து, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள். குடை விரியும் சத்தம் கேட்டது.

குஞ்சிதபாதம் மலர்க்கொடியின் பக்கம் திரும்பினார். "அது பாட்டுக்குப் போவுது. அந்த வயலுக்குத்தான போவுது? நீயாவது சொல்லிட்டுப் போ. நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

மலர்க்கொடி போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றிப் பைக்குள் போட்டாள். திரையில் அண்ணியின் அட்டை அப்படியே நின்றிருந்தது. அடுத்ததைத் தட்டாமல் பூர்ணிமா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலர்க்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மடக்கியே வைத்திருந்த கால்களுக்கு நடுவே நடந்து வெளியே போனாள்.